விரைவா, கெடுவா? பல்கருச் செயலிகளின் பணிமுறைவைப்பைத் தமிழில் விளக்குதல் – ஒரு திறனாய்வு
(கம்பம் பள்ளத்தாக்கின் பாசன வழக்கை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

கணினி அறிவியலில் 'ரியல் டைம்' எனப்படும் கருத்து தமிழில் 'நிகழ்நேரம்' என வழங்குகிறது. இச்சொல்லை 'உடனடி', 'விரைவு' என்னும் பொருள்களில் விளக்கும் போக்கு பரவலாக உள்ளது. அதனோடு, செயலியின் கருக்கள் பெருகினால் பணிகள் உரிய காலத்தில் முடிந்துவிடும் என்ற எண்ணமும் சேர்ந்து வருகிறது. இவ்விரண்டும் துறையின் அடிப்படை முடிவுகளுக்கு முரணானவை. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பாசன வழக்கில் புழங்கும் முறை, கெடு, ஒதுக்கீடு, கடைமடை ஆகிய சொற்கள் இக்கருத்துகளைப் பிழையின்றி விளக்கத் துணைசெய்யும் என்பதையும், அவ்வொப்புமை எங்கு நின்றுவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்நேரப் பணி, முறைவைப்பு, பல்கருச் செயலி, கெடு, ஒதுக்கீடு, முறைப்பாசனம், கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

தமிழில் கணினிக் கலைச்சொற்களைத் தொகுக்கும் பணி மணவை முஸ்தபா முதலியோரின் உழைப்பால் நெடுந்தொலைவு வந்துள்ளது. அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் கட்டடவியல், இயந்திரவியல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியபின், பொறியியலைத் தமிழில் சொல்வது வகுப்பறைத் தேவையாகவும் ஆயிற்று. ஆயினும் ஒரு சொல்லுக்கு ஈடான தமிழ்ச்சொல் கிடைத்தவுடன் கருத்தும் கைவந்துவிட்டதாகக் கொள்வது கலைச்சொல் துறையில் அடிக்கடி நேரும் பிழை. சொல் சரியாக இருந்தும் அதற்குத் தரப்படும் விளக்கம் தவறினால், மாணவர் சொல்லைக் கற்றுக் கருத்தை இழப்பர்.

பல்கருச் செயலிகளில் நிகழ்நேரப் பணிகளை முறைவைத்தல் என்னும் துறை இதற்குத் தக்க சான்று. ஊர்தியின் நிறுத்தி, மருத்துவக் கருவி, விண்கலம் ஆகியவற்றை இயக்கும் மென்பொருள்கள் இத்துறையைச் சார்ந்தவை. இங்கு விளக்கம் பிழைத்தால் கருவியும் பிழைக்கும். எனவே இத்துறையின் மூன்று அடிப்படைச் சொற்களுக்குத் தமிழில் தரப்படும் விளக்கங்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அதற்கான உரைகல்லாகக் கம்பம் பள்ளத்தாக்கின் பாசன வழக்கை எடுத்துக்கொள்கிறது. பலருக்குப் பொதுவான ஒரு வளத்தைக் காலத்தால் பகுத்து அளிப்பதே பாசனத்திலும் செயலியிலும் உள்ள சிக்கல் என்பதே இத்தேர்வுக்குக் காரணம்.

2. 'நிகழ்நேரம்' என்னும் சொல்

'நிகழ்நேரம்' என்பதை 'ஒன்று நிகழும்போதே உடனுக்குடன் செயற்படுதல்' என விளக்குவது வழக்கம். செய்தி ஊடகங்களில் நேரலைக்கும் இச்சொல் ஆளப்படுவதால் 'உடனடி' என்ற பொருள் மேலும் அழுத்தம் பெறுகிறது. துறையின் வரையறை வேறு. ஒரு பணியின் விடை சரியாக இருப்பது மட்டும் போதாது. அது குறித்த காலத்துக்குள் வந்தாக வேண்டும் என்னும்போதுதான் அது நிகழ்நேரப் பணியாகிறது. அக்காலம் ஒரு நுண்நொடியாக இருக்கலாம். ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். விரைவு இங்கு அளவுகோலன்று. குறித்த காலம் தவறாது என்னும் உறுதியே அளவுகோல்.

சராசரியாக 2 மில்லிநொடியில் விடைதந்து, எப்போதாவது ஒருமுறை 50 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும் அமைப்பையும், எப்போதும் 9 மில்லிநொடியில் விடைதரும் அமைப்பையும் ஒப்பிடலாம். கெடு 10 மில்லிநொடி எனில் இரண்டாவதே நிகழ்நேர அமைப்பு. முதலாவது விரைவானது, ஆனால் நம்பத்தக்கதன்று. எனவே இத்துறையில் கணக்கிடப்படுவது பணியின் சராசரி நேரமன்று. அதன் மீப்பெரு செயல்நேரம்.

பள்ளத்தாக்கின் உழவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றுவதற்குள் நடவுக்குத் தண்ணீர் வர வேண்டும். வயது கடந்தபின் எவ்வளவு வேகமாக வாய்க்கால் பெருகி ஓடினாலும் அந்நாற்றுக்குப் பயனில்லை. பருவம் முழுவதும் வந்த நீரைக் கூட்டி நாள்களால் வகுத்தால் கிடைக்கும் சராசரி போதுமானதாகத் தோன்றலாம். அதே ஆண்டில் கடைமடை காய்ந்தும் கிடக்கலாம். சராசரி நிறைவும் உரியகால நிறைவும் வேறு என்பதைக் 'கடைமடை' என்னும் ஒரு சொல் உணர்த்திவிடுகிறது.

'நிகழ்நேரம்' என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. அதை மாற்றுவது தேவையற்றது. ஆனால் அதன் வரையறை 'உடனடி' என்பதை விட்டுக் 'கெடு' என்பதன்மேல் எழுப்பப்பட வேண்டும். கெடு என்பது கடன், வழக்கு, வேலை என அன்றாட வாழ்வில் எல்லோரும் ஆளும் சொல். கெடு தவறினால் விளைவு என்ன என்ற கேள்வியையும் அது தன்னுள் கொண்டிருக்கிறது. அக்கேள்விக்கான விடையே நிகழ்நேர அமைப்புகளை வன்கெடு உடையவை, மென்கெடு உடையவை என இரண்டாகப் பிரிக்கிறது. முன்னதில் ஒருமுறை தவறினும் அமைப்பே தோற்றதாகும். பின்னதில் தாமதம் பயனைக் குறைக்கும், அழிக்காது.

3. அட்டவணையும் முறையும்

'ஸ்கெட்யூலிங்' என்பதற்குத் தமிழில் திட்டமிடல், அட்டவணையிடல், நேர ஒதுக்கீடு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் 'அட்டவணை' என்பது முன்கூட்டியே எழுதி ஒட்டப்பட்ட காலவரிசையை நினைவூட்டுகிறது. அத்தகைய அமைப்புகளும் உண்டு. ஆனால் பெரும்பான்மை இயங்குதளங்களில் நடப்பது அதுவன்று. இந்நொடியில் காத்திருக்கும் பணிகளுள் எது முன்னே செல்வது என்பதை ஒரு விதி அவ்வப்போது முடிவு செய்கிறது. முன்னுரிமை மிக்க பணி வந்துசேர்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பணி இடைநிறுத்தப்படுகிறது.

பாசனத்தில் இதற்கு 'முறை வைத்தல்' என்று பெயர். 'யாருடைய முறை' என்ற கேள்வியில் காலம் மட்டுமன்றி உரிமையும் வரிசையும் விதியும் அடங்கியுள்ளன. ஆகவே 'முறைவைப்பு' என்னும் சொல் இக்கருத்துக்கு நெருக்கமானது. இக்கட்டுரை அதனையே ஆள்கிறது.

விதி எதுவாக இருக்கலாம் என்பதற்குத் துறையின் முதல் பெரும் விடை 1973இல் லியு, லேலண்ட் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வில் கிடைத்தது. ஒரே செயலியில், குறித்த கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பணிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அடிக்கடி வரும் பணிக்கு நிலையான முன்னுரிமை தரும் விதியைக் கையாண்டால், பணிகள் எத்தனையாயினும் செயலியின் பயன்பாட்டளவு ஏறத்தாழ 69 விழுக்காட்டுக்குள் இருக்கும்வரை எந்தக் கெடுவும் தவறாது. கெடு நெருங்கிய பணியை முதலில் விடும் விதியைக் கையாண்டால் அவ்வெல்லை 100 விழுக்காடு வரை உயரும். இவ்விடையின் சிறப்பு எண்களில் மட்டும் இல்லை. அமைப்பை ஓடவிட்டுப் பார்க்காமலேயே, கெடு தவறாது என முன்னதாக உறுதிகூற இயலும் என்பதை அது காட்டியது. ஓடவிட்டுச் சோதித்தல் 'இதுவரை தவறவில்லை' என்று மட்டுமே சொல்லும். 'தவறாது' என்று சொல்லாது.

4. கருக்கள் பெருகினால் கெடு காக்கப்படுமா?

ஒரு செயலியில் இவ்வளவு தெளிவாக இருந்த விடை, பல கருக்கள் வந்ததும் கலைந்துவிடுகிறது. 'ஒரு கருவுக்குப் பதில் நான்கு கரு. ஆகவே நான்கு மடங்குத் திறன்' என்னும் விளக்கமே இக்கட்டுரை மறுக்க விரும்பும் முதன்மையான பிழை.

இதனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் காணலாம். நான்கு கருக்கள் உள்ளன. நான்கு சிறுபணிகள் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 மில்லிநொடி தேவை. ஒரு நெடும்பணி 10.5 மில்லிநொடிக்கு ஒருமுறை வருகிறது. அதற்கு 10 மில்லிநொடி தேவை. ஒவ்வொரு பணிக்கும் அடுத்தமுறை வருவதற்குள் முடிவதே கெடு. ஒரு பணி ஒரு நேரத்தில் ஒரு கருவில் மட்டுமே ஓட முடியும். எல்லாப் பணிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, கெடு நெருங்கியதை முன்னே விடும் பொதுவரிசை முறையைக் கையாள்வோம். தொடக்கத்தில் சிறுபணிகள் நான்கின் கெடுவும் 10. நெடும்பணியின் கெடு 10.5. ஆகவே சிறுபணிகள் நான்கு கருக்களையும் பிடித்துக்கொள்கின்றன. நெடும்பணி 1ஆம் மில்லிநொடியில் தொடங்கி 11இல் முடிகிறது. கெடு தவறிவிட்டது. இத்தனைக்கும் பணிகள் அனைத்தும் சேர்ந்து கேட்டது, கருக்களின் மொத்தத் திறனில் ஏறத்தாழ 34 விழுக்காடுதான். கருக்களையும் சிறுபணிகளையும் ஒருசேர நூறாக்கினாலும் இதே தோல்வி நேரும். அப்போது கேட்கப்படும் பங்கு 11 விழுக்காட்டளவே இருக்கும்.

இந்நிலையை 1978இல் தால், லியு ஆகியோர் சுட்டினர். 'தால் விளைவு' என்றே துறையில் இது வழங்குகிறது. இதே பணிகளைத் தனிவரிசை முறையில் பகுத்தால் சிக்கல் இல்லை. நெடும்பணிக்கு ஒரு கருவை முழுமையாக விட்டு, நான்கு சிறுபணிகளை எஞ்சிய மூன்றில் அமர்த்தினால் அனைத்தும் கெடுவுக்குள் முடியும். இதனால் தனிவரிசையே சிறந்தது என்று முடிவுகட்டவும் இயலாது. ஒவ்வொன்றும் ஒரு கருவில் பாதிக்குச் சற்று மிகுதியாகக் கேட்கும் ஐந்து பணிகளை நான்கு கருக்களில் பகுத்து அமர்த்த வழியில்லை. ஏதேனும் ஒரு கருவில் இரண்டு பணிகள் சேர்ந்தாக வேண்டும்; அங்கே கேட்பு கருவின் திறனை மீறும். பாதித் திறனுக்குச் சற்று மேல் கேட்பு உயர்ந்ததும் பகுப்பு தோற்கிறது. 1996இல் பருவா முதலியோர் ஒவ்வொரு பணிக்கும் அதன் பங்குக்கேற்பச் சிறுசிறு துண்டுகளாகக் காலத்தை அளந்து தந்து, கருக்களின் முழுத் திறனையும் பயன்கொள்ளும் விதியைக் கண்டனர். ஆனால் அவ்விதியில் பணிகள் அடிக்கடி கருவிட்டுக் கரு பெயர வேண்டியிருக்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு.

இன்னொரு தடையும் உண்டு. கருக்கள் பலவாயினும் அவை நினைவகத்தை அடையும் பாதை பெரும்பாலும் ஒன்றே. ஒரு கருவில் ஓடும் பணி அப்பாதையை நிறைத்தால், தொடர்பே இல்லாத வேறொரு கருவின் பணி தாமதமாகும். தனியாக ஓடவிட்டு அளந்த மீப்பெரு செயல்நேரம், பிற கருக்களும் இயங்கும்போது செல்லாக்காசாகிவிடுகிறது.

பள்ளத்தாக்கின் நீரமைப்பு இதை நன்கு விளக்கும். 1895இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப்பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி ஆற்றில் சேர்கிறது. உத்தமுத்து வாய்க்கால், பாளையம் பரவு வாய்க்கால் எனப் பல வாய்க்கால்கள் அவ்வாற்றிலிருந்து பிரிகின்றன. பின்னாளில் 18ஆம் கால்வாயும் வெட்டப்பட்டது. கால்வாயின் எண்ணிக்கையில் ஒன்று கூடியது. ஊற்று அதே அணைதான். அதனால்தான் அக்கால்வாயின் திறப்பு அணையின் இருப்பை நோக்கியே முடிவாகிறது. வாய்க்கால் கூடுவது நீர் கூடுவதாகாது என்பதை அறிந்த ஒருவருக்கு, கரு கூடுவது கெடு காப்பதாகாது என்பது புதிய செய்தியன்று.

5. முன்னுரிமையும் ஒதுக்கீடும்

'ப்ரையாரிட்டி', 'ரிசர்வேஷன்' ஆகிய இரண்டு கருத்துகளும் தமிழ் விளக்கங்களில் 'முன்னுரிமை' என்னும் ஒரு சொல்லுக்குள் கலந்துவிடுகின்றன. முன்னுரிமை என்பது மோதல் வரும்போது யார் முன்னே என்பதைச் சொல்கிறது. பின்னிற்பவருக்கு எதையும் உறுதிசெய்வதில்லை. ஒதுக்கீடு என்பது ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று வரையறுக்கிறது. பிறர் எப்படி நடந்தாலும் அவ்வளவு கிடைக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்கு 2022 ஜூன் 1 அன்று நீர் திறக்கப்பட்டபோது, 120 நாள்களுக்குப் பாசனத்துக்கு நொடிக்கு 200 கன அடியும் குடிநீருக்கு 100 கன அடியும் எனத் தனித்தனியே வரையறுக்கப்பட்டது. பயன்பெறும் இருபோக நிலம் உத்தமபாளையம் வட்டத்தில் 11,807, தேனி வட்டத்தில் 2,412, போடிநாயக்கனூர் வட்டத்தில் 488 என மொத்தம் 14,707 ஏக்கர். 'குடிநீருக்கு முன்னுரிமை' என்று மட்டும் ஆணையிட்டிருந்தால், குடிநீரின் கேட்பு பெருகும்தோறும் பாசனம் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. 100, 200 எனப் பிரித்ததால் இருதரப்பும் தம் அளவை அறிந்து பயிர்த்திட்டம் வகுக்க முடிகிறது. இதே கருத்தே நிகழ்நேர அமைப்புகளில் பணிகளுக்குச் செயலிநேரத்தை அளவிட்டு ஒதுக்கும் முறையாக வளர்ந்தது. லினக்ஸ் கருநிரலில் 2014இல் சேர்க்கப்பட்ட கெடுவழி முறைவைப்பும் இவ்வகையதே. அதில் ஒவ்வொரு பணியும் தனக்கு எவ்வளவு நேரம், எக்கால இடைவெளியில், எக்கெடுவுக்குள் வேண்டும் என அறிவிக்கிறது. தனக்குரிய அளவை மீறினால் அப்பணிதான் நிறுத்தி வைக்கப்படும். அண்டைப் பணி பாதிக்கப்படாது.

முன்னுரிமை மட்டும் போதாது என்பதற்கு வேறொரு சான்று 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம். முன்னுரிமை குறைந்த ஒரு பணி பொதுவளம் ஒன்றைப் பிடித்திருந்தது. முன்னுரிமை மிக்க பணி அதற்காகக் காத்திருந்தது. அவ்விடைவெளியில் இடைநிலைப் பணிகள் புகுந்து கீழ்ப்பணியை நகரவிடாமல் தடுத்தன. ஆக, மேல்பணி இடைப்பணிகளுக்கும் பின்னால் தள்ளப்பட்டுக் கெடு தவறியது. கலத்தின் கணினி மீண்டும் மீண்டும் தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டது. பொதுவளத்தைப் பிடித்திருக்கும் கீழ்ப்பணிக்குத் தற்காலிகமாக மேல்பணியின் முன்னுரிமையை வழங்கும் தீர்வைச் சா, ரகுநாதன் ராஜ்குமார், லெஹோட்ஸ்கி ஆகியோர் 1990இலேயே முறைப்படுத்தி வெளியிட்டிருந்தனர். அத்தீர்வை இயக்கியபின் சிக்கல் நீங்கியது.

6. பொட்டிப்புரம்: சொல் தேவைப்பட்ட இடம்

தேனி மாவட்டத்தில் இத்துறை நேரடியாகத் தேவைப்பட்ட இடம் ஒன்று உண்டு. பொட்டிப்புரம் அருகே மலையடியில் அமைவதாக இருந்த இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நீர்வளம், மலைவளம், கதிரியக்க அச்சம் குறித்து எதிர்ப்புகள் எழுந்தன, வழக்குகள் நடந்தன, 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. அத்திட்டத்தை ஏற்பதா மறுப்பதா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அதன் வடிவமைப்பு இங்கு கருதத்தக்கது.

50,000 டன் இரும்பு அடுக்குகளுக்கிடையே ஏறத்தாழ 28,800 உணரிகள், ஒவ்வொன்றிலும் 128 தடங்கள், ஆக மொத்தம் ஏறத்தாழ 37 லட்சம் தடங்கள் என்பது அதன் திட்டம். துகள் மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்பதை நானோநொடி அளவிலான கால வேறுபாட்டைக் கொண்டே அறிய வேண்டும். இத்தனை தடங்களின் தரவையும் ஒரு பொதுவரிசையில் நிறுத்தினால் எந்தச் செயலியும் தாங்காது. எனவே ஒவ்வோர் உணரிக்கும் தனியே தரவேற்பு மின்சுற்று, அருகிலேயே முதற்கட்ட முடிவு, அதன்பின் முழுமைக்குமான முடிவு என வடிவமைக்கப்பட்டது. முந்தைய பகுதியில் கண்ட தனிவரிசை, பொதுவரிசை என்னும் இரண்டும் இங்கு அடுக்காக அமைகின்றன. மேலும், கெடு மிகக் குறுகிய முதற்கட்டம் பகிர்ந்தாளும் செயலியிடம் விடப்படவில்லை. நேரடி மின்சுற்றிடம் தரப்பட்டது. கெடுவின் கடுமைக்கேற்பப் பகிர்வைக் குறைக்க வேண்டும் என்னும் பொதுவிதிக்கு இது நல்ல சான்று. மதுரையில் இயங்கிய 85 டன் முன்மாதிரியில் இத்தகைய அமைப்பு சோதிக்கப்பட்டது.

அத்திட்டம் குறித்து ஆதரித்தும் எதிர்த்தும் தமிழில் ஏராளமாக எழுதப்பட்டது. 'அங்கே என்ன செய்வார்கள்' என்ற ஊராரின் கேள்விக்குக் கருவியின் வேலையை இவ்வாறு படிப்படியாகச் சொல்லும் எழுத்து அவற்றுள் அரிது. சொல்லாட்சி இல்லாத இடத்தில் ஐயமும் புகழ்ச்சியும் மட்டுமே இருதரப்பிலும் எஞ்சும்.

7. ஒப்புமையின் எல்லை

பாசன ஒப்புமைக்கு எல்லைகள் உண்டு. அவற்றை மறைத்தால் ஒரு பிழைக்குப் பதில் மற்றொன்று வரும். முதலாவதாக, நீரைத் தேக்கலாம். செயலிநேரத்தைத் தேக்க முடியாது. இன்று பயன்படாத நீர் அணையிலோ கண்மாயிலோ நாளைக்கு இருக்கும். வெறுமனே கழிந்த மில்லிநொடி மீண்டு வாராது. இரண்டாவதாக, வயல் ஒரு வாய்க்காலோடு பிணைந்தது, இடம்பெயராது. பணி ஒரு கருவிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரலாம். ஆகவே பாசனம் இயல்பிலேயே தனிவரிசை முறை; பொதுவரிசையின் சிக்கல்களை அதைக்கொண்டு முழுமையாக விளக்க இயலாது. மூன்றாவதாக, பயிர் சில நாள் தாமதத்தைப் பொறுக்கும். அணைத் திறப்பும் நீர் இருப்பைப் பொறுத்தது. ஆகவே அது மென்கெடு உடையது. ஊர்தியின் காற்றுப்பைக்கு அத்தகைய பொறுதி இல்லை.

எனவே பாசன வழக்கு கலைச்சொல்லையும் உள்ளுணர்வையும் தரும், தேற்றங்களைத் தாராது. மாணவர் அவ்வுள்ளுணர்வோடு கணக்குக்குள் நுழைய வேண்டும். கணக்குக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளலாகாது.

8. முடிவுரை

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. நிகழ்நேரம் என்பது விரைவால் அன்றிக் கெடுவால் வரையறுக்கப்பட வேண்டும். 'அட்டவணை' என்பதைவிட 'முறைவைப்பு' என்பது கருத்துக்கு நெருக்கமானது. முன்னுரிமையும் ஒதுக்கீடும் தனித்தனிக் கலைச்சொற்களாகக் காக்கப்பட வேண்டும். கருக்களின் எண்ணிக்கை கெடுவுக்கு உறுதியாகாது. எப்பணி எக்கருவில், எவ்விதியால், எவ்வளவு ஒதுக்கீட்டோடு ஓடுகிறது என்பதே உறுதி.

கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் பொறியியல் கல்லூரிக்கு வரும் மாணவர் முறை, கெடு, கடைமடை ஆகிய சொற்களை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார். வகுப்பறை அவரிடம் 'நிகழ்நேரம் என்றால் மிக விரைவு' என்று சொல்லும்போது, அவர் முன்னரே சரியாக அறிந்திருந்த ஒன்றைப் பிழையாகக் கற்றுத் தருகிறது. அவர் பின்னாளில் எழுதும் நிரல் சோதனையில் நன்றாக ஓடும். நெருக்கடி நேரத்தில் கெடு தவறும். பாடநூல் எழுதுவோரும் கலைச்சொல் தொகுப்போரும் அகராதியோடு வட்டார வழக்கையும் ஆய்வுத்தரவாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பரிந்துரை. தாமிரபரணிப் பாசனத்தின் வழக்கிலும் காவிரிக் கடைமடையின் வழக்கிலும் இத்தகைய சொற்களைத் தொகுத்து ஒப்பிடுவது அடுத்தகட்ட ஆய்வாக அமையலாம்.